பொதுமை அமைப்பு

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், கருநாடக மாநிலத்தை அடுத்து விளங்கும் நகரம் ஓசூர். இது பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. குளிர்ந்த காற்று வாய்ந்த இப்பகுதியில் ரோசாத் தோட்டங்கள் மிகுதி. இந்நகரை உள்ளடக்கிய கிருஷ்ணகிரி மாவட்டம், தருமபுரி மாவட்டத்தினின்று 2004-ஆம் ஆண்டில் பிரித்து அமைக்கப்பெற்றது. அம்மாவட்டத்தின் மாங்கனிகள் பெரும் புகழ் வாய்ந்தவை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் இங்குள்ள தெருக்களில் ஒருங்கே ஒலிக்கும்.

மலருக்கும் கனிக்கும் பெயர் பெற்ற இப்பகுதி, இன்று தொழிலுக்கும் பெயர் பெற்று விளங்குகின்றது. தொழில் வளர்ச்சியைக் கருதித் தமிழ்நாடு அரசு 1971-இல் சிப்காட் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. அந்நிறுவனம் ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தது. அதன் பின்னர் லாரிகளைச் செய்யும் அசோக் லேலண்டு, இருசக்கர வண்டிகளைச் செய்யும் டி.வி.எஸ்., கைக்கடிகாரங்களைச் செய்யும் டைட்டன் முதலிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இங்கே வேரூன்றின. அவற்றுக்கு உறுப்புகளைச் செய்து தரும் சிறுதொழிற் கூடங்களும் பல்கிப் பெருகின.

அடிச்சட்டம்

அசோக் லேலண்டு நிறுவனம் 1980 முதல் ஓசூரில் தொழிற்சாலை நடத்தி வருகின்றது. நெடுஞ்சாலையில் செல்வோர், பின்புறத்தில் கூண்டு எதுவும் இல்லாமல் வெறும் இரும்புச் சட்டமாக ஓடிச்செல்லும் புதிய வண்டிகளைக் கண்டிருப்பர். இரண்டு நீண்ட இரும்பு விட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், பொறி, அச்சுகள், சக்கரங்கள் ஆகியவை சேர்ந்த அவ்வமைப்பே வண்டியின் அடிச்சட்டம். லாரித் தொழிலில் உள்ளோர் இதனைச் ‘சேஸிஸ்’ என வழங்குவர்.

இவ்வாறு புறப்படும் அடிச்சட்டம், நாமக்கல், திருச்செங்கோடு, கரூர் போன்ற ஊர்களில் உள்ள பட்டறைகளை அடைகின்றது. அங்கே அதன்மேல் கூண்டு கட்டப்பெறுகின்றது. ஒருவர் நெல்மூட்டை ஏற்றுதற்குரிய திறந்த லாரியாக அதனை ஆக்குவார். மற்றொருவர் எண்ணெய் கொண்டு செல்லும் தொட்டி வண்டியாக ஆக்குவார். நான்கு புறமும் அடைத்த பெட்டி வண்டியாகவும் தீயணைப்பு வண்டியாகவும் அஃது உருப்பெறுதல் கூடும். மேலே அமைவது எதுவாயினும், கீழே உள்ள சட்டம் ஒன்றே.

அடிச்சட்டத்தை வகுத்த பொறியாளர், அதன்மேல் வரப்போவது நெல்லா, எண்ணெயா என்று வினவுவதில்லை. அவர் கேட்பவை சிலவே: மேலே அமையும் கூண்டும் சுமையும் சேர்ந்து இத்தனை டன்னுக்கு மிகாதிருத்தல் வேண்டும்; குறித்த இடங்களில் மட்டுமே அதனைப் பிணைத்தல் வேண்டும்; சுமை இரண்டு அச்சுகளின் மேலும் உரிய முறையில் பரவுதல் வேண்டும். இந்நிபந்தனைகளை நிறைவு செய்யும் எந்தக் கூண்டையும் அச்சட்டம் தாங்கும்.

எதனையும் ஏற்றல் என்பது நிபந்தனையின்றி ஏற்றல் ஆகாது. தன் பணிக்கு இன்றியமையாதவற்றை மட்டும் கேட்டு, ஏனையவற்றைக் கேளாது விடுதலே பொதுமையின் இலக்கணம். கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரும் இவ்விலக்கணத்தையே பின்பற்றிப் பொதுமைத் தரவுக் கட்டமைப்புகளை ஆக்குகின்றனர். அவற்றின் இயல்பை அறிதற்கு முன்னர்த் தரவுக் கட்டமைப்பு யாது என்பதை அறிதல் வேண்டும்.

அடுக்கும் வரிசையும்

கணிப்பொறியினுள் இடப்பெறும் செய்திகள் தரவுகள் எனப்படும். மாணவர் ஒருவரின் பெயர் ஒரு தரவு. அவர் பெற்ற மதிப்பெண் மற்றொரு தரவு. பெயர் எழுத்துகளால் ஆயது. மதிப்பெண் எண்ணால் ஆயது. இவ்வாறு தரவுகளுக்கு உரிய வகையைத் தரவினம் என்பர். இரண்டு மதிப்பெண்களைக் கூட்டலாம். இரண்டு பெயர்களைக் கூட்டித் தொகை காண இயலாது. ஆகவே, ஒரு தரவின் மேல் எச்செயலைச் செய்யலாம் என்பதை அதன் இனமே வரையறுக்கின்றது.

தரவுகள் பலவாகும்போது அவற்றை ஓர் ஒழுங்கில் வைத்தல் வேண்டும். அவ்வொழுங்கே தரவுக் கட்டமைப்பு. உணவு விடுதியில் கழுவிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பர். இறுதியில் வைத்த தட்டே முதலில் எடுக்கப்படும். கணிப்பொறியில் இவ்வாறு அமைவது அடுக்கு எனப்படும். மாம்பருவத்தில் கிருஷ்ணகிரிப் பகுதியில் உள்ள மாங்கூழ் ஆலைகளின் வாயிலில் பழம் ஏற்றிய வண்டிகள் காத்து நிற்கும். அங்கே முதலில் வந்த வண்டியே முதலில் உள்ளே செல்லும். இவ்வாறு அமைவது வரிசை எனப்படும்.

அடுக்கிற்கு மூன்று செயல்கள் போதும்: மேலே ஒன்றை வைத்தல், மேலுள்ளதை எடுத்தல், அடுக்கு வெறுமையாக உள்ளதா என அறிதல். இச்செயல்களுள் ஒன்றற்கேனும் வைக்கப்படும் பொருள் இன்னது என்னும் அறிவு தேவைப்படவில்லை. எவர்சில்வர்த் தட்டாயினும் பீங்கான் தட்டாயினும் அடுக்கும் முறை ஒன்றே. அங்ஙனமாயின், எண்களுக்கு ஓர் அடுக்கு, பெயர்களுக்கு ஓர் அடுக்கு எனத் தனித்தனியே நிரல் எழுதுதல் எதற்கு என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு நிரல் எழுதுவோர் மூன்று வழிகளில் விடை கண்டனர்.

படியெடுக்கும் வழி

முதல் வழி எளியது. எண்களுக்குரிய அடுக்கினை ஒருவர் எழுதி முடிக்கின்றார். பின்னர்ப் பெயர்களுக்கும் அடுக்குத் தேவைப்படுகின்றது. அவர் முன்னர் எழுதிய நிரலைப் படியெடுத்து, ‘எண்’ என்று உள்ள இடங்களில் எல்லாம் ‘பெயர்’ என மாற்றிவிடுகின்றார். நாளடைவில் தேதிகளுக்கு ஒன்று, விலைப்பட்டியல்களுக்கு ஒன்று எனப் படிகள் பெருகுகின்றன.

இவ்வழியில் உழைப்பு வீணாவது சிறு குறையே. பெருங்குறை வேறொன்று உண்டு. வெறுமையான அடுக்கிலிருந்து எடுக்க முயன்றால் நிகழ வேண்டுவது யாது என்பதை அவர் முதல் நிரலில் எண்ணிப் பாராது விட்டார் எனக் கொள்வோம். அப்பிழை எல்லாப் படிகளிலும் உடன் செல்லும். ஒரு நாள் அது வெளிப்பட, அவர் எண்களின் அடுக்கில் அதனைத் திருத்துவார். பெயர்களின் அடுக்கிலும் திருத்துவார். ஆறு மாதங்களுக்கு முன்னர்ப் பிறர் ஒருவர் படியெடுத்துச் சென்ற தேதிகளின் அடுக்கு அவர் நினைவுக்கு வாராது. அங்கே பிழை மறைந்து கிடந்து, வேண்டாத வேளையில் தலைகாட்டும். படிகள் பத்தானால் திருத்தமும் பத்தாதல் வேண்டும். ஒன்றை விட்டாலும் திருத்தியதன் பயன் குறைபடும்.

பெயரற்ற பெட்டி

இரண்டாம் வழி இதற்கு நேர்மாறானது. தரவின் இனத்தையே கேளாது, வந்ததை எல்லாம் ஏற்றுக்கொள்ளும் ஒரே அடுக்கினை எழுதிவிடுதல் அவ்வழி. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி என்பார் உருவாக்கிய ‘சி’ மொழியில் இதனைச் செய்தல் இயலும். தரவு கணிப்பொறியின் நினைவகத்தில் எங்கே உள்ளது என்னும் முகவரியை மட்டும் அடுக்கில் வைப்பர். அம்முகவரியில் உள்ளது எண்ணா, பெயரா என்னும் குறிப்பு அதில் இராது.

இவ்வடுக்கு, மேலே சீட்டு ஒட்டாத பெட்டிகளை நிறைத்த கிடங்கினை ஒக்கும். வைத்தவர் எடைகளை வைத்தார். எடுப்பவர் பெயர்கள் எனக் கருதி எடுத்தார். இருவருக்கும் இடையே நின்று ‘இஃது அன்று’ எனத் தடுப்பார் எவரும் இலர். நிரல் எழுதப்படும்போது பிழை தோன்றாது. சோதிக்கும்போதும் தோன்றாமற் போகலாம். நிரல் பலருக்குப் பயன்படத் தொடங்கிய பின்னரே அது வெளிப்படும்.

ஓர் எண் தன் இனத்தை இழப்பதால் எத்துணைப் பெரிய இழப்பு நேரும் என்பதற்கு விண்வெளி ஆராய்ச்சியில் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் நாசா நிறுவனம் செவ்வாய்க் கோளின் தட்பவெப்பத்தை ஆராய்வதற்கென 1998 டிசம்பரில் ஒரு விண்கலத்தை அனுப்பியது. அதன் பாதையைக் கணித்த நிரல்களுள் ஒன்று, உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவையில் எண்ணாகத் தந்தது. அதனைப் பெற்ற மற்றொன்று, அந்த எண்ணை நியூட்டன் அளவையினதாகக் கொண்டது. ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டனுக்குச் சமம். எண் சென்றதே ஒழிய, அஃது எந்த அளவையினது என்னும் செய்தி உடன் செல்லவில்லை. விண்கலம் திட்டமிட்ட உயரத்தினும் மிகத் தாழ்வாகச் செவ்வாயை நெருங்கி, 1999 செப்டம்பர் 23-ஆம் நாள் தொடர்பிழந்து அழிந்தது.

எழுத்திடும் வழி

முதல் வழியில் காவல் உண்டு, பொதுமை இல்லை. இரண்டாம் வழியில் பொதுமை உண்டு, காவல் இல்லை. இரண்டனையும் ஒருங்கே பெறுதற்கு எழுந்ததே மூன்றாம் வழி.

இயற்கணிதத்தில் தெரியாத எண்ணுக்கு ஓர் எழுத்தை இட்டுக் கணக்கிடும் முறையை மாணவர் அறிவர். அவ்வெழுத்துக்கு எந்த எண்ணையும் ஈடாக வைக்கலாம். ஆனால் ஒரு கணக்கினுள் ஓரிடத்தில் ஐந்து என வைத்தால், அக்கணக்கு முழுவதும் அதனை ஐந்தாகவே கொள்ளல் வேண்டும். மூன்றாம் வழியில் எண்ணுக்கு மாறாகத் தரவினத்திற்கு ஓர் எழுத்து இடப்பெறுகின்றது. ‘வ’ என்னும் தரவினத்திற்குரிய அடுக்கு என நிரல் ஒருமுறை எழுதப்படும். பயன்படுத்துவோர், ‘வ’ என்பதை எண்ணாகக் கொள்க என்றால் அஃது எண்களின் அடுக்காகும். பெயராகக் கொள்க என்றால் பெயர்களின் அடுக்காகும். எண்களுக்கென அமைத்த அடுக்கில் பின்னர்ப் பெயரை இட முயன்றால், அது மறுக்கப்படும்.

மறுப்பது யார்? மனிதர் எழுதிய நிரலை இயந்திரம் அறியும் ஆணைகளாக மாற்றித் தரும் மென்பொருள் ஒன்று உண்டு. அதற்கு நிரல்பெயர்ப்பி என்று பெயர். நிரல் ஓடத் தொடங்குமுன்பே அது வரிதோறும் நோக்கி, இனம் பொருந்தாத இடத்தைச் சுட்டிக்காட்டும். வண்டி சாலைக்கு வந்த பின்னர் அச்சு முறிதலினும், தொழிற்சாலையின் வாயிலிலேயே குறை கண்டு நிறுத்தப்படுதல் நன்றன்றோ?

இக்கருத்து ஒரே நாளில் உருப்பெற்றதன்று. ஆங்கிலேய அறிஞர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி, 1967-ஆம் ஆண்டு கோபன்ஹேகன் நகரில் ஆற்றிய விரிவுரைகளில், தரவினத்தையே மாறியாகக் கொள்ளும் இம்முறையைத் தெளிவுற வேறுபடுத்தி விளக்கினார். 1970களில் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் ராபின் மில்னரும் அவர்தம் குழுவினரும் ‘எம்.எல்.’ என்னும் மொழியில் இதனைச் செயற்படுத்தினர். அதே காலத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பார்பரா லிஸ்கோவ் அம்மையார் ‘க்ளூ’ என்னும் மொழியில் இதற்கு இடம் அளித்தார். இவ்விருவரும் கணிப்பொறித் துறையின் தலைசிறந்த விருதாகிய டூரிங் விருதினைப் பின்னாளில் பெற்றனர். 1983-இல் வரையறுக்கப்பெற்ற ‘அடா’ மொழியிலும், 1990-ஐ ஒட்டி ‘சி பிளஸ் பிளஸ்’ மொழியிலும் இவ்வசதி இடம்பெற்றது. ஜாவா மொழி 2004-இல் இதனை ஏற்றது. 2009-இல் வெளிவந்த ‘கோ’ மொழி, நெடுங்கால ஆராய்ச்சிக்குப் பின்னர் 2022-இல்தான் ஏற்றது. மொழியின் எளிமை கெடாமல் பொதுமையைச் சேர்த்தல் எத்துணை அரிது என்பது இதனால் புலனாகும்.

இலக்கணத்தில் பொதுமை

ஒன்றன் வடிவை மட்டும் குறித்து, உள்ளீட்டைப் பின்னர் நிரப்பிக்கொள்ளும் முறை தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. ‘வந்து’, ‘உண்டு’, ‘படித்து’, ‘உழுது’ என்பனவற்றை எல்லாம் ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சங்கள் என இலக்கணம் கூறும். ஈண்டுச் ‘செய்து’ என்பது செய்தல் என்னும் ஒரு தொழிலைக் குறிக்க வந்ததன்று. எந்த வினையும் வந்து அமரத்தக்க ஓர் இடத்தைக் குறிக்க வந்தது. ஒவ்வொரு வினைக்கும் தனித்தனியே விதி எழுதாமல், ஒரு வாய்பாட்டைக் கூறி எல்லா வினைக்கும் பொதுவாக்கினர் முன்னோர்.

யாப்பிலக்கணம் இதனை இன்னும் தெளிவாகக் காட்டும். நேரசை இரண்டு சேர்ந்த சீர் ‘தேமா’ எனப்படும். ‘ஓசூர்’ என்பதும் தேமா. ‘வண்டி’ என்பதும் தேமா. ‘கல்வி’ என்பதும் தேமா. ஊர்ப்பெயரா, பொருட்பெயரா, தொழிற்பெயரா என்று அவ்வாய்பாடு கேட்பதில்லை. மாமரத்தோடு அச்சொற்களுக்கு உறவு வேண்டும் என்பதும் இல்லை. நேரும் நேருமாக அசை அமைதல் ஒன்றையே அது கேட்கின்றது. ‘கனிகள்’ என்னும் சொல் இனிய பொருளுடையதாயினும், நிரையும் நேருமாக அமைந்தமையின் தேமா ஆகாது, அது புளிமா. பொருளைக் கேளாமை தேமாவின் பொதுமை; அசையைக் கேட்டல் அதன் நிபந்தனை.

நிபந்தனையும் அகர வரிசையும்

அடுக்கும் வரிசையும் தம்முள் இடப்படும் தரவிடம் ஒன்றையும் கேட்பதில்லை. ஆயின் எல்லாக் கட்டமைப்புகளும் அத்தகையன அல்ல. தரவுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக ஒழுங்குபடுத்தி வைக்கும் பட்டியலைக் கருதுக. அங்கே, தரவுகள் இரண்டைக் கொடுத்தால் அவற்றுள் எது முந்தியது என்று சொல்ல இயலுதல் வேண்டும். எண்களில் இஃது எளிது. மாம்பழக் கூடைகள் இரண்டில் எது முந்தியது? எடையால் ஒழுங்குபடுத்துவதா, விலையால் ஒழுங்குபடுத்துவதா, வந்த நேரத்தாலா? இதனைப் பட்டியல் தானே முடிவு செய்தல் ஆகாது. பயன்படுத்துவோரே ஒப்பிடும் விதியைக் கூறுதல் வேண்டும். ஆகவே பொதுமைப் பட்டியல், ‘எத்தரவினமும் வருக, ஆனால் இரண்டனை ஒப்பிடும் விதியையும் உடன் கொணர்க’ என்னும் ஒரே நிபந்தனையை முன்வைக்கின்றது.

இந்நிபந்தனையின் அருமை தமிழ்ப் பெயர்களை வரிசைப்படுத்தும்போது நன்கு விளங்கும். கணிப்பொறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. உலக மொழிகளுக்குப் பொதுவாக அமைந்த யூனிகோடு முறையில் ‘ன’ என்பதன் எண் 2985. ‘ல’ என்பதன் எண் 2994. எண்ணை மட்டும் நோக்கும் நிரல், ‘மனம்’ என்பதை முன்னும் ‘மலர்’ என்பதைப் பின்னும் வைக்கும். தமிழ் நெடுங்கணக்கிலோ மெய்கள் பதினெட்டனுள் ‘ல’ பதின்மூன்றாவது, ‘ன’ பதினெட்டாவது. ஆதலின் தமிழ் அகராதியில் ‘மலர்’ முன்னும் ‘மனம்’ பின்னும் வருதலே முறை.

வரிசைப்படுத்தும் நிரலுக்குள்ளேயே எழுத்தெண் ஒப்பீட்டைப் புதைத்து வைத்திருந்தால், தமிழுக்கென அதனைப் புதிதாக எழுதுதல் வேண்டும். ஒப்பிடும் விதி வெளியிலிருந்து வருமாறு பொதுமையாக எழுதியிருந்தால், நெடுங்கணக்கு முறையை அறிந்த சிறு விதி ஒன்றைக் கொடுத்தாலே போதும். நிரலில் ஓரெழுத்தும் மாற்ற வேண்டுவதில்லை. மூன்று மொழிகள் வழங்கும் ஓசூர் போன்ற ஊரில், தமிழ்ப் பெயர்களுக்குத் தமிழ் முறையும், தெலுங்குப் பெயர்களுக்குத் தெலுங்கு முறையும், கன்னடப் பெயர்களுக்குக் கன்னட முறையும் கொடுத்து, ஒரே நிரலைக் கொண்டே மூன்று பட்டியல்களையும் செம்மையாக ஆக்கலாம்.

வரிசை பிறழ்ந்தால் விளையும் தீங்கு பெரிது. ஒழுங்குபட்ட பட்டியலில் ஒரு பெயரைத் தேடும்போது கணிப்பொறி முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்வதில்லை. நடுவில் உள்ள பெயரை நோக்கி, தேடும் பெயர் அதற்கு முந்தியதா பிந்தியதா எனக் கண்டு, ஒரு பாதியை நீக்கிவிடும். எஞ்சிய பாதியிலும் அவ்வாறே செய்யும். ஆயிரம் பெயர்களுள் ஒன்றைக் காண ஏறத்தாழப் பத்து ஒப்பீடுகளே போதும். பட்டியலை ஒரு முறையால் ஒழுங்குபடுத்திவிட்டு வேறொரு முறையால் தேடினால், கணிப்பொறி பெயர் இல்லாத பாதியையே பற்றிக்கொண்டு செல்லும். இறுதியில், உள்ள பெயரையே இல்லை என்று கூறிவிடும். தேர்வுப் பட்டியலிலோ உதவித்தொகைப் பட்டியலிலோ இவ்வாறு நேருமாயின், உரிமை உடையவர் தம் உரிமையை இழந்து நிற்பர். இதனாலேயே சிறந்த பொதுமைக் கட்டமைப்புகள் ஒப்பிடும் விதியைப் பட்டியலோடு சேர்த்தே வைத்துக்கொள்கின்றன. ஒழுங்குபடுத்தவும் தேடவும் அவ்வொரு விதியையே பயன்படுத்துகின்றன.

இயந்திரத்தின் பணி

பொதுமையாக எழுதிய நிரலை நிரல்பெயர்ப்பி கையாளும் முறை மொழிக்கு மொழி வேறுபடும். ‘சி பிளஸ் பிளஸ்’ மொழியில் அதனை வார்ப்புரு என்பர். வார்ப்படச் சாலையில் ஒரு மாதிரியைக் கொண்டு மணலில் அச்செடுத்து வேண்டிய உறுப்புகளை வார்ப்பது போல, அம்மொழியின் நிரல்பெயர்ப்பி தேவைப்படும் ஒவ்வொரு தரவினத்திற்கும் தனித்தனி நிரலைத் தானே ஆக்கிக்கொள்ளும். இதனால் வேகம் மிகும். ஆயினும் நிரலின் அளவு பெருகும். படிகள் பல உண்டாயினும் இவற்றை மனிதர் திருத்த வேண்டுவதில்லை. மாதிரி ஒன்றைத் திருத்தினால் வார்ப்புகள் எல்லாம் திருந்திவிடும்.

ஜாவா மொழியின் முறை வேறு. அதன் நிரல்பெயர்ப்பி தரவினங்கள் பொருந்துகின்றனவா என முதலில் சோதிக்கும். சோதனை முடிந்த பின்னர் இனத்தின் பெயரை நீக்கிவிட்டு, எல்லா இனங்களுக்கும் ஒரே நிரலை வைத்துக்கொள்ளும். இதனால் நிரலின் அளவு பெருகுவதில்லை; 2004-க்கு முன்னர் எழுதிய பழைய நிரல்களோடும் அஃது இணங்கி நடக்கும். ஆனால் நிரல் ஓடும்போது அடுக்கினை நோக்கி, ‘நீ எவ்வினத்திற்கு உரியை’ என்று வினவினால் விடை கிடைப்பதில்லை. இரண்டு முறைகளிலும் நன்மையும் உண்டு. அதற்குரிய விலையும் உண்டு.

அளவறிந்து பொதுமையாக்கல்

எல்லாவற்றையும் பொதுமையாக்குதல் அறிவுடைமை ஆகுமா? கைக்கடிகாரத்தின் உள்ளே உள்ள பற்சக்கரம் அக்கடிகாரத்திற்கென்றே அளந்து செய்யப்படுவது. அதனை எல்லா இயந்திரங்களுக்கும் பொருந்துமாறு செய்ய முற்பட்டால், அஃது எதற்கும் பொருந்தாமற் போகும். லாரியின் அடிச்சட்டமும் தனக்குரிய எல்லைக்குள்தான் பொதுமையுடையது. மக்கள் எளிதில் ஏறி இறங்கத் தாழ்வான தளமும் மென்மையான வில் அமைப்பும் பேருந்துக்கு வேண்டும். ஆதலின் அதற்கெனத் தனியே அடிச்சட்டம் வகுக்கின்றனர்.

நிரல் எழுதுவோரும் இவ்வாறே முதலில் ஒரு தேவைக்கு மட்டும் எழுதுதல் நன்று. அதனையே ஒத்த இரண்டாவது தேவையும் மூன்றாவது தேவையும் எழும்போது, மூன்றிலும் மாறாது நிற்பது எது, மாறுவது எது என ஆராய்தல் வேண்டும். மாறாது நிற்பதைக் கட்டமைப்பாக்கி, மாறுவதற்கு ஓர் எழுத்தை இடுதல் வேண்டும். நிபந்தனைகளை வேண்டிய அளவே வைத்தலும் வேண்டும். வேண்டாத நிபந்தனைகளை விதித்தால் தகுதியுடைய தரவுகளும் வெளியே நிற்கும். வேண்டிய நிபந்தனையை விட்டுவிட்டால், தகாத தரவு உள்ளே புகுந்து கேடு செய்யும்.

ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு தொழிலுக்கும் தனக்கெனச் சில முறைகள் உண்டு. பொதுமை என்பது அம்முறைகளை அழித்து எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுதல் அன்று. தமிழ்ப் பெயர் தமிழ் முறையில் நிற்கவும், கன்னடப் பெயர் கன்னட முறையில் நிற்கவும் இடந்தந்து, தாங்கும் பணியை மட்டும் தான் மேற்கொள்வதே நல்ல பொதுமை அமைப்பு. இவ்வுண்மையை உணர்ந்த மாணவர், நாளை கணிப்பொறிக்கு நிரல் எழுதினும், பட்டறையில் வண்டிக்குக் கூண்டு கட்டினும், செய்யும் தொழிலில் பிழை குறைந்து பயன் மிகக் காண்பர்.